எல்லாம் வருகிற பிள்ளையை எதில் சேர்ப்பது? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்க் சுமாராக வாங்குகிற பிள்ளை எதைப் படிக்கலாம் என்று யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். எல்லாப் பாடத்திலும் 95க்கு மேல் வாங்குகிற பிள்ளை என்றால் யாரும் யோசிப்பதே இல்லை. கணக்கு நன்றாக வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், பயாலஜி வந்தால் டாக்டர், அவ்வளவுதான். இரண்டும் வந்தால்? கூடவே வரையவும் எழுதவும் வந்தால்? மார்க் ஷீட்டை எத்தனை தடவை புரட்டினாலும் அதில் விடை இருக்காது. எந்தக் கதவு திறக்கும் என்பதைத்தான் மார்க் சொல்லும். உள்ளே போனபின் தினமும் செய்யவேண்டிய வேலை இந்தப் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பதை வேலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பார்ப்பதற்குப் பெங்களூரைவிடத் தோதான ஊர் நம் பக்கத்தில் இல்லை.

வேலை மாற்றலில் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, கே.ஆர்.புரம் என்று வந்து இறங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், 8ஆம் வகுப்புக்கு மேல் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் இது உங்களுக்கு.

முதலில் காகிதங்கள்

கனவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். மாநிலம் மாறினால் சேர்க்கை விதிகளும் மாறும். அது பலருக்கு 12ஆம் வகுப்பு முடிந்தபிறகுதான் உறைக்கிறது.

கர்நாடகாவின் பொது நுழைவுத் தேர்வான சிஇடி மூலம் மாநில ஒதுக்கீட்டில் இடம் கேட்க, பொதுவான விதிப்படி 1 முதல் 12 வரையிலான படிப்பில் குறைந்தது 7 ஆண்டுகள் இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 6ஆம் வகுப்பின் தொடக்கத்தில் வந்த பிள்ளைக்குச் சரியாக 7 வரும். 9இல் வந்தால் 4தான். மத்திய அரசு ஊழியர்கள், ராணுவத்தினர் போன்றவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றைக் கர்நாடகத் தேர்வு ஆணையமான கேஇஏ வெளியிடும் கையேட்டில் நீங்களே படியுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் கதவு மூடிவிடாது. அண்ணா பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள கல்லூரிகளும் வரும் பொறியியல் கலந்தாய்வுக்கு, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் நேட்டிவிட்டி சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குப் போடும் கட்-ஆஃப்தான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போதே இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் அலைய வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் பெங்களூருக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இது சின்ன இழப்பு இல்லை. தாத்தா பாட்டியோடு அங்கேயே விட்டுவைப்பதா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. தேசியத் தொழில்நுட்ப நிறுவனங்களான என்ஐடிக்களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. இங்கே சொந்த மாநிலம் என்பது 12ஆம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தார் என்பதைப் பொறுத்தது. உங்கள் பூர்வீகம் தஞ்சாவூராகவே இருக்கட்டும், பிள்ளை பெங்களூரில் 12 முடித்தால் சூரத்கல் என்ஐடிதான் சொந்த மாநிலக் கணக்கில் வரும், திருச்சி வராது. ஐஐடிக்களில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

டெஸ்ட் எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

பள்ளியிலோ மாலிலோ யாராவது ஒரு கேரியர் டெஸ்டை நீட்டுவார்கள். அதில் ஒழுங்கானவையும் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் கெட்டியான பிள்ளைக்கு அவை அவ்வளவாகப் பயன்படுவதில்லை. எண் திறன், மொழித் திறன், உருவத் திறன் என்று எல்லாக் கட்டமும் உச்சியைத் தொட்டுவிடும். “உங்கள் மகள் எதை வேண்டுமானாலும் செய்யலாம்” என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும். அது தெரியாமலா பணம் கட்டினீர்கள்? திறன் டெஸ்டைவிட ஆர்வத்தை அளக்கும் கேள்வித்தாள் கொஞ்சம் மேல். அதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், பேச்சைத் தொடங்க ஒரு சாக்காக வைத்துக்கொள்ளுங்கள். விரல்ரேகை பார்த்து மூளையின் திறமையைச் சொல்லும் டெஸ்ட் ஒன்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

டெஸ்டுக்குப் பதில் ஒன்று செய்யலாம். யாரும் சொல்லாமலே பிள்ளை எதில் நேரம் போக்குகிறது, அதிலும் குறிப்பாக எந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். விடை வராத கணக்கோடு இரண்டு மணி நேரம் உட்காரும் பிள்ளை உண்டு. அதே பிள்ளை ப்ரோக்ராமில் ஒரு பிழையைத் தேடச் சொன்னால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடும். ஒரு பத்தியை எட்டுத் தடவை திருத்தி எழுதும் பிள்ளையும் உண்டு. பிடித்த வேலை எது என்று கேட்டால் எல்லாமே பிடிக்கும் என்பார்கள். எந்த அலுப்பு தாங்கும் என்று கேட்டால் பட்டியல் மளமளவென்று சுருங்கும்.

வேலையைக் கண்ணால் பார்ப்பது

எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் ஒதுக்கச் சொல்வேன். 9ஆம் வகுப்பிலிருந்து 11 பாதிவரைக்கும் உள்ள காலம் இதற்குத்தான். அதற்குப்பின் தேர்வுகள் பிடித்துக்கொள்ளும்.

சுலபமானதிலிருந்து தொடங்குங்கள். 1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம், அதாவது ஐஐஎஸ்சி, ஆண்டுக்கு ஒருநாள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு சனிக்கிழமை. கட்டணம் இல்லை. வயதான ஆட்டோக்காரரிடம் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லுங்கள், சட்டென்று புரியும். கூட்டம் அலைமோதும். எல்லாத் துறையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் கால்வலிதான் மிச்சம். முதல்நாளே இரண்டு துறைகளைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். அங்கே விளக்கம் சொல்ல நிற்கும் ஆராய்ச்சி மாணவர்களிடம் நின்று நிதானமாகப் பேசட்டும். அவர்களில் தமிழ் பேசுபவர்கள் கண்டிப்பாக அகப்படுவார்கள்.

ஐசிடிஎஸ் என்ற கோட்பாட்டு அறிவியல் மையம் ‘காப்பி வித் க்யூரியாசிட்டி’ என்ற பெயரில் பொதுமக்களுக்கான பேச்சுகளை நடத்துகிறது. பலமுறை ஜவஹர்லால் நேரு கோளரங்கத்திலேயே நடக்கும். பல்லாரி சாலையில் உள்ள சயின்ஸ் கேலரியில் 15 முதல் 28 வயதுக்காரர்களை மனதில் வைத்து அறிவியலையும் கலையையும் கலந்து கண்காட்சிகள் வைக்கிறார்கள், அனுமதி இலவசம். சட்டம், பொருளாதாரம், வரலாறு பக்கம் சாய்கிற பிள்ளைக்கு டொம்லூரில் உள்ள பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரின் மாலைநேரக் கூட்டங்கள் நல்ல இடம். ஐஐஎஸ்சி, ஐசிடிஎஸ் என்று அறிவியலுக்கே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பது. உள்ளே போக ஆள் வேண்டும். நம்மவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அபார்ட்மென்ட்டின் தமிழ் வாட்ஸாப் குழுவில், “நம்ம பிளாக்குல யாராவது சிப் டிசைன்ல இருக்கீங்களா, என் பையன் அரைமணி நேரம் பேசணும்” என்று போட்டால் பொழுது சாய்வதற்குள் ஒரு அண்ணாவோ அக்காவோ கிடைத்துவிடுவார். பொங்கல் விழாவில் பந்தி பரிமாறும்போதே பாதி அறிமுகம் முடிந்துவிடும். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இன்னொரு வழி. மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழர்கள் அங்கே வருவார்கள். ஐடி தவிரவும் இந்த ஊரில் வேலைகள் உண்டு என்பது அவர்களிடம் பேசினால் தெரியும்.

பெரிய கம்பெனிகளில் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். பரவாயில்லை, பக்கத்துத் தர்ஷினியில், அதாவது இந்த ஊர் சிற்றுண்டிக் கடையில், ஒரு காப்பி போதும். பெற்றோர் ஒருவர் கூடப் போங்கள், ஆனால் பக்கத்து மேஜையில் உட்காருங்கள். கேள்வி கேட்கவேண்டியது பிள்ளை. என்ன கேட்பது? “இந்தத் துறையில் ஸ்கோப் எப்படி?” என்று தொடங்கினால் நாளிதழில் படித்ததுதான் திரும்ப வரும். இப்படிக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்? அதில் எது போர்? கடைசியாக எது சொதப்பியது, அப்புறம் என்ன செய்தீர்கள்? உங்கள் டீமில் வேறு படிப்பு படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்களா? சம்பளத்தையும் கேட்கலாம், தப்பில்லை, கடைசியில் கேட்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு 10ஆம் வகுப்புப் பெண்ணின் கதை இது. பயோடெக் என்றால் உயிர். ஒரு குடும்ப நண்பரின் உதவியால் பழ ஈ வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள ஈக்களைக் கார்பன் டை ஆக்சைடால் மயக்கி, வெள்ளைத் தட்டில் கொட்டி, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே மெல்லிய தூரிகையால் ஆண், பெண், சிவப்புக் கண், வெள்ளைக் கண் என்று பிரித்து எண்ண வேண்டும். ஆராய்ச்சி அக்கா இவளையும் ஒரு தட்டுக்கு எண்ண விட்டார். பாதியில் ஒன்றிரண்டு ஈ விழித்துப் பறந்துவிட்டதாம். வெளியே வந்ததும் அம்மாவிடம் சொன்னது: “ஈ எண்றது என்னால ஆகாது. ஆனா அந்த நம்பரையெல்லாம் போட்டு, இது தற்செயலா இல்லையான்னு கண்டுபிடிச்சாங்க பாரு, அது செம.” அவளுக்குப் புள்ளியியல் என்றொரு துறை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் முடிவு செய்யவில்லை, அவசரமும் இல்லை. ஆனால் வீட்டில் நீட் கோச்சிங் பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

அறிமுகம் இல்லாத ஆய்வாளருக்கு மெயில் அனுப்பலாமா? அனுப்பலாம். ஐந்தாறு வரி போதும். அவருடைய வேலையில் பிள்ளை படித்துப் புரிந்துகொண்டது ஒன்று, புரியாமல் நிற்கும் கேள்வி ஒன்று, 20 நிமிடம் பேச முடியுமா என்ற வேண்டுகோள். பெற்றோரின் மெயிலுக்கும் ஒரு நகல் போகட்டும். மார்க் ஷீட்டை இணைக்காதீர்கள், அப்பா எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தையும் அனுப்பாதீர்கள். இரண்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பேராசிரியரைவிட அவரிடம் பிஎச்டி செய்பவர்களிடமிருந்து பதில் வர வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

எந்தத் தேர்வு எழுதலாம், எது இப்போது இல்லை

ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்து, “என்டிஎஸ்இ எழுதச் சொல்லு, கேவிபிஒய் எழுதச் சொல்லு” என்பார். இரண்டும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வுகள், அவர் காலத்தில் நல்ல யோசனைதான். என்டிஎஸ்இ 2021க்குப்பின் நிறுத்திவைக்கப்பட்டது. கேவிபிஒய் 2022இல் இன்ஸ்பையர் என்ற மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டு, அதற்கென்று இருந்த தேர்வு போய்விட்டது. இந்தப் பெயர்களைச் சொல்லி யாராவது கோச்சிங் விற்றால் நடையைக் கட்டுங்கள்.

இப்போது எழுதத் தகுந்தவை ஒலிம்பியாட் வரிசைத் தேர்வுகள். கணிதத்துக்கு ஐஓக்யூஎம். 8ஆம் வகுப்பிலிருந்தே எழுதலாம், பெரும்பாலும் செப்டம்பரில் வரும். 3 மணி நேரம், 30 கேள்விகள், 100 மதிப்பெண். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99க்குள் ஒரு முழு எண். ஊகித்து வட்டம் போடுவதற்கு நான்கு சாய்ஸ் கிடையாது. அதைத் தாண்டினால் மண்டல அளவில் ஆர்எம்ஓ, பிறகு தேசிய அளவில் ஐஎன்எம்ஓ. இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் ஆகியவற்றுக்கு முதல் படியான என்எஸ்இ தேர்வுகள் நவம்பர் வாக்கில் நடக்கும். 10ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் சயின்ஸ் என்று ஒன்று உண்டு. மேல் கட்டங்களை மும்பையில் உள்ள ஹோமி பாபா மையம் பார்த்துக்கொள்கிறது. ப்ரோக்ராமிங்கில் பித்துப் பிடித்தவர்களுக்கு இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட். பாணினி மொழியியல் ஒலிம்பியாட் என்று ஒன்று இருப்பது இங்கே பல பள்ளிகளுக்கே தெரியாது. கேள்விப்பட்டே இராத ஒரு மொழியின் பத்து வாக்கியங்களைக் கொடுத்து, அதன் இலக்கணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வீட்டில் தமிழ், கீழே விளையாடும்போது கன்னடம், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் என்று வளரும் நம் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

பள்ளிக்கே வந்து கட்டணம் வாங்கி, வகுப்புக்கு நாலு பேருக்குப் பதக்கம் கொடுத்துவிட்டுப் போகும் தனியார் ‘ஒலிம்பியாட்’கள் வேறு. அவற்றைக் குறை சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒலிம்பியாட் எழுதினால் ஐஐடியில் சீட் கிடைக்குமா என்று கேட்பார்கள். பொதுவாக அதற்காக எழுதுவதில்லை. ஐஎன்எம்ஓ வரை போனவர்களுக்குச் சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் உள்ள கணித நிறுவனமான சிஎம்ஐயும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐஎஸ்ஐயும் சேர்க்கையில் சலுகை தந்துவந்திருக்கின்றன, அது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளை 3 மணி நேரம் உட்கார்ந்தும் பாதிக் கேள்வி தெரியாமல் வெளியே வருவது. அது 14 வயதில் நடந்தால் நல்லது. 18 வயதில் விடுதி அறையில் நடந்தால் கஷ்டம்.

10க்குப் பின் எந்தக் காலேஜ்

கர்நாடகாவில் 11, 12 என்பது பியூ காலேஜ். பிசிஎம்பி, பிசிஎம்சி என்று எழுத்துக்களாகவே பேசுவார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றோடு நான்காவதாக உயிரியலா, கம்ப்யூட்டரா என்பதுதான் அந்தக் கடைசி எழுத்து. சில இடங்களில் புள்ளியியலும் கிடைக்கும். சிபிஎஸ்இயிலேயே தொடர்ந்தாலும் சரிதான். முடிவெடுக்காத பிள்ளைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காமர்ஸோ ஆர்ட்ஸோ எதுவானாலும் கணிதத்தை விடாதீர்கள். பொருளாதாரம், புள்ளியியல், காப்பீட்டுக் கணக்கியலான ஆக்சூரியல் என்று பின்னால் திரும்ப நினைக்கும் பல வழிகளுக்கு அது வேண்டும்.

காலேஜிலேயே ஜேஇஇ, நீட் கோச்சிங்கையும் சேர்த்து நடத்தும் ‘இன்டகிரேட்டட்’ இடங்களுக்குப் போனால் விளம்பரப் பலகையில் உள்ள முகங்களைப் பார்க்காதீர்கள். காலை எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது விடுவார்கள், ஞாயிறு உண்டா, ஆய்வகத்தில் உண்மையிலேயே செய்முறை நடக்கிறதா, நடுவில் விலகினால் கட்டணம் திரும்புமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் முகபாவத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இரண்டு வழி மட்டுமில்லை

ஜேஇஇ, நீட் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்றுமில்லை. இந்த ஊரிலேயே இருக்கும் மற்றவற்றைச் சொல்கிறேன். மைசூர் சாலையில் ஐஎஸ்ஐயின் பெங்களூர் மையம் இருக்கிறது. அங்கே பி.மேத். என்ற கணிதப் பட்டப்படிப்பு உண்டு. சேர்க்கை அவர்களே நடத்தும் கணிதத் தேர்வு மூலம். ஜேஇஇ ரேங்க் பற்றிக் கேட்கமாட்டார்கள். ஐஐஎஸ்சியில் 2011இல் தொடங்கிய 4 ஆண்டு ஆராய்ச்சிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டும் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வான ஐஏடியும் வழிகள். நாகர்பாவியில் தேசிய சட்டப் பள்ளி, அதற்கு கிளாட்: 2 மணி நேரம், 120 கேள்விகள், பெரும்பகுதி படித்துப் புரிந்துகொள்ளும் திறன்தான். கதைப்புத்தகமும் செய்தித்தாளுமாகக் கிடக்கிற பிள்ளையை ‘சயின்ஸ் எடு’ என்று விரட்டுவதற்கு முன் ஒரு பழைய கிளாட் வினாத்தாளைக் கொடுத்துப் பாருங்கள். டிசைனுக்கு யூசீட், என்ஐடி டாட் தேர்வுகள் உண்டு. இந்த என்ஐடி தேசிய டிசைன் நிறுவனம், மேலே சொன்ன என்ஐடி அல்ல.

அறிவியல் படித்தால் சோறு போடுமா என்று தாத்தா கேட்டால், இன்ஸ்பையர் உதவித்தொகையைச் சொல்லுங்கள். 12ஆம் வகுப்பில் தங்கள் போர்டின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய்.

பிள்ளையின் மனசு

கெட்டிக்காரப் பிள்ளைகள் உதவி கேட்கமாட்டார்கள். இதுவரை கேட்கத் தேவையே வந்ததில்லை. கோச்சிங்கில் முதல் டெஸ்டில் 40ஆவது இடம் வந்த அன்று, சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், உடனே அறிவுரையோடு போய்த் தட்ட வேண்டாம். தட்டோடு போங்கள். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, யாரிடமும் பேச்சில்லை என்றால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில், அதாவது டெலி மானஸில், எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அதற்குத் தலைமை மையமே நம்ம ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான்.

‘நீ டாக்டரானா ஊருக்கே பெருமை’ என்று விருந்தாளிகள் முன் சொல்வதையும் நிறுத்திக்கொள்ளலாம். பெரியவர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்காகவே பிடிக்காததைப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் ரேங்க்காரர்கள். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கடைசியாகத் தேதிகள்

12ஆம் வகுப்பு ஜூனில் தொடங்கியதுமே சமையலறைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கிளாட் டிசம்பரில் வருவதால் அதன் விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். சட்டம் படிக்க நினைத்த பல பேர் கோட்டைவிடுவது இங்கேதான். ஜேஇஇ மெயின், யூசீட் இரண்டும் ஜனவரி, விண்ணப்பம் தீபாவளியை ஒட்டி வரும். ஏப்ரலில் மறுபடி ஜேஇஇ மெயின், சிஇடி. மே மாதம் நீட், தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான காமெட்கே, ஐஎஸ்ஐ, சிஎம்ஐ என்று வரிசைகட்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பமும் அப்போதுதான். ஒவ்வோர் ஆண்டும் நாட்கள் நகரும், அதனால் மாதத்தைப் பென்சிலால் எழுதி, அறிவிப்பு வந்ததும் தேதியைப் பேனாவால் எழுதுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் 10ஆம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும், இனிஷியல் உட்பட, ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இனிஷியலை அப்பா பெயராக விரித்து எழுதும் குழப்பம் நம்மவர்களுக்கே உரியது, அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும்.